பெரிய நிறுவன ஒப்பந்தம் இல்லாத ரெஸ்லிங் வீரர் எப்படிப் பிழைக்கிறார்?

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் பழைய மெத்தை விரித்து விழுந்து பழகும் தம்பியும் இதைத்தான் கேட்டான்.

மாதச் சம்பளம் கிடையாது; ஒவ்வொரு போட்டிக்கும் பேசிய தொகைதான். அதனால் இடைவேளையில் அவரே மேசை போட்டு டீசேர்ட் விற்பார், ரசிகர்களோடு படம் எடுப்பார். காயம்பட்டால் அதுவும் நின்றுவிடும். எனக்கு மனம் கனப்பது அங்கேதான். முடிவு முன்கூட்டியே தீர்மானித்ததாக இருக்கலாம், விழும் உடம்பு நிஜம். முதலில் கற்பதே தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, பின்மண்டை அடிபடாமல் முதுகால் விழுவதைத்தான்.

அமெரிக்க வீரர் பிரையன் டானியல்சன் 2002 இல் ரிங் ஒஃப் ஹானர் என்ற சிறிய ரெஸ்லிங் நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சியிலேயே மோதியவர். சிறு மண்டபங்களில் பல ஆண்டுகள் உழைத்த பிறகுதான் 2014 இல், பெரிய நிறுவனமான WWE ஆண்டுதோறும் நடத்தும் முக்கிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 30 இன் கடைசிப் போட்டியில் வென்றார்.

தம்பியின் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டேன். விழச் சொல்லித்தர ஆள் கிடைக்கட்டும், அப்புறம் விரிக்கலாம்.