போட்டோஷாப்பில் பின்னணியை பிளர் செய்தால் ஆளைச் சுற்றி ஒரு சாயல் படிகிறது. கலர் டின்ட் (படம் முழுக்க ஒரு மெல்லிய நிறப் பூச்சு) போட்டால் முகம் மஞ்சளாகிறது. எப்படிச் சரிசெய்வது?

முதலில் அந்தச் சாயல். மாஸ்க் (படத்தில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிப்பது) சரியாக வெட்டவில்லை என்று நினைத்து முடி முடியாகத் திருத்திக்கொண்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை, கீழே இருக்கும் லேயரில், அதாவது பட அடுக்கில். காஸியன் பிளர் ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சராசரியாக்குகிறது. பின்னணி லேயரிலும் ஆள் நின்றுகொண்டிருந்தால் அவருடைய சிவப்புச் சட்டை ஓரத்தைத் தாண்டிக் கசியும். மேலே எவ்வளவு சுத்தமாக வெட்டி வைத்தாலும் அந்தக் கசிவு எட்டிப் பார்க்கும். ஆகவே பிளருக்கு முன்னால் பின்னணியிலிருந்து ஆளைத் தூக்கிவிட வேண்டும்.

கன்ட்ரோல், ஜே இரண்டு முறை அழுத்தினால் ஒரே படம் மூன்று லேயராகும். மேல் லேயரில் செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்து மாஸ்க் போடுங்கள். கன்ட்ரோலைப் பிடித்தபடி அந்த மாஸ்க்கைக் கிளிக் செய்தால் செலக்‌ஷன் திரும்ப வரும். நடு லேயருக்கு வந்து, செலக்ட் மெனுவில் மாடிஃபை, எக்ஸ்பாண்ட். 24 மெகாபிக்சல் படத்துக்கு 20 பிக்சல் போதும். பிறகு ஷிஃப்ட், எஃப்5 அழுத்தி கன்டென்ட் அவேர் நிரப்பு. நிரப்பியது அலங்கோலமாக இருந்தாலும் கவலையில்லை, எப்படியும் மங்கப்போகிறது. தோலின் நிறமோ சட்டையின் நிறமோ மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான். அடுத்து கன்ட்ரோல், டி அழுத்தி அதை நீக்குங்கள். செலக்‌ஷனை நீக்க மறந்தால் ஆள் இருந்த இடம் மட்டும்தான் பிளராகும்.

நடு லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டு காஸியன் பிளர் போட்டால் அளவைப் பிறகும் திருத்தலாம். 6000 பிக்சல் அகலப் படத்தில் 25 முதல் 30 ரேடியஸ் (பிளரின் அளவு) வைத்தால், 1080 அகலப் படத்தில் 5 வைத்தாலே அதே தோற்றம் வரும். யாரோ சொன்ன எண்ணை அப்படியே போடுவதால்தான் பல படங்கள் கெடுகின்றன.

ஆள் முழுதாகத் தெரியும் படமென்றால் கால் பதிந்த தரை மங்கக் கூடாது. மங்கினால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். நடு லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு, காலடியில் கறுப்பு (மறைக்கும்), மேலே போகப்போக வெள்ளை (காட்டும்) என்று கிரேடியன்ட் இழுங்கள். அடியிலுள்ள அசல் படம் அங்கே தெளிவாகத் தெரியும். பிளர் படத்தின் கிரெயினையும் (நுண்புள்ளிகளையும்) துடைத்துவிடுவதால் பின்னணி பிளாஸ்டிக் போலாகும், வானத்தில் பட்டை பட்டையாக விழும். அதே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டில் ஆட் நாய்ஸ் 1 அல்லது 2 சதவீதம், மோனோக்ரோமேட்டிக் டிக் செய்து போட்டால் இரண்டும் அடங்கும்.

டின்ட் எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும். வெட்டிய ஆளையும் பின்னணியையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அதுதான். சாலிட் கலர் லேயரில் 255, 150, 50 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) போன்ற ஆரஞ்சு, பிளெண்ட் மோடு (கீழ் லேயரோடு கலக்கும் விதம்) சாஃப்ட் லைட், ஒபாசிட்டி (நிறத்தின் அழுத்தம்) 15 முதல் 20 சதவீதம். பிளெண்ட் மோடை கலர் என்று வைத்து ஒபாசிட்டியை ஏற்றினால் எல்லா நிறமும் ஒரே நிறமாகத் திரும்பிவிடும். முகம் மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான். அப்புறமும் முகத்தில் நிறம் தூக்கலாகத் தெரிந்தால், டின்ட் லேயரின் மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷை 40 சதவீத ஒபாசிட்டியில் முகத்தின் மேல் ஒருமுறை தடவுங்கள். முழுக்க அழித்தால் முகம் மட்டும் ஒட்டவைத்தது போல இருக்கும்.

சாஃப்ட் லைட் முழுக் கறுப்பைத் தொடாது. நிழலிலும் நீலச் சாயல் வேண்டுமென்றால் கர்வ்ஸில் (வெளிச்சத்தையும் நிறத்தையும் வளைகோட்டால் திருத்தும் கருவி) புளூ சேனலின் இடது அடிப் புள்ளியை 0 இலிருந்து 15 வரை தூக்குங்கள்.