ஓஎஸ்பிஎஃப்-இன் /28 ரூட்கள் ரிப் பக்கம் போகாதது ஏன்?

ஓஎஸ்பிஎஃப், ரிப் இரண்டும் ரவுட்டர்கள் ரூட்களை (பாதைகளை) பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகள். ஒன்றில் கற்ற ரூட்டை மற்றதற்குக் கொடுக்கும் உங்கள் ரீடிஸ்ட்ரிபியூட் கட்டளையில் தப்பில்லை, மாஸ்க்தான் (/24, /28 என்று முகவரியில் நெட்வொர்க் பகுதியின் நீளத்தைச் சொல்வது) ஒத்துப்போகவில்லை. ரிப் பக்க இன்டர்ஃபேஸ் 172.16.1.0/24. நீங்கள் அனுப்பப் பார்ப்பது 172.16.20.16/28. ரிப் பதிப்பு 1-இன் அப்டேட்டில் மாஸ்க்குக்கு இடமே கிடையாது. அதனால் ஒரே பெரிய நெட்வொர்க்கான 172.16.0.0-க்குள், வெளியேறும் இன்டர்ஃபேஸின் மாஸ்க்கோடு பொருந்தாத ரூட்டை சிஸ்கோ ரவுட்டர் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆளை அலைக்கழிக்கிறது.

ஓஎஸ்பிஎஃப், ரிப் இரண்டும் ஓடும் எல்லை ரவுட்டரில் 'டீபக் ஐபி ரிப்' கட்டளை போட்டு அரை நிமிடம் பாருங்கள். வெளியே போகும் அப்டேட்டில் 172.16.20.0 இருக்காது. ரீடிஸ்ட்ரிபியூட் கட்டளையில் மெட்ரிக் (ரூட்டின் தூர மதிப்பு) கொடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லாமலும் ஓஎஸ்பிஎஃப் ரூட் ரிப்புக்குள் போகாது.

சரி, தீர்வு:

1. அதே ரவுட்டரில் 172.16.20.0/24-க்கு நல்0 (வரும் பாக்கெட்டை அப்படியே தூக்கிப்போடும் போலி இன்டர்ஃபேஸ்) நோக்கி ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதும் ரூட்.
2. ரிப்புக்குள் 'ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக்'.

நல்0 என்றதும் பாக்கெட் தொலைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ரவுட்டரின் ரூட் டேபிளில் /28 இருக்கும்வரை நீளமான மாஸ்க்குக்கே முன்னுரிமை. ஆனால் அந்த /28 விழுந்தாலும் ரிப் பக்கம் /24 அறிவிப்பு நிற்காது. வரும் டிராஃபிக் நல்0-வில் போய்விடும்.

முக்கியமாக ஒன்று: ஓஎஸ்பிஎஃப் ரூட் /20 மாதிரி குட்டை மாஸ்க்காக இருந்தால் இந்த வழியை அப்படியே போடாதீர்கள். அங்கே உங்கள் /24 ஜெயித்து எல்லாவற்றையும் நல்0-வில் கொட்டிவிடும். அப்போது ஒவ்வொரு /24-க்கும் நல்0-வுக்குப் பதில் உண்மையான நெக்ஸ்ட் ஹாப்பை (அடுத்த ரவுட்டரின் முகவரியை) கொடுங்கள். பழைய ரவுட்டர்கள் ஏற்றுக்கொண்டால், மாஸ்க்கையும் சேர்த்து அனுப்பும் ரிப் பதிப்பு 2-க்கு மாறுவதே நல்லது.