அலைச்சறுக்குப் பயணத்துக்குக் கேமரா வாங்க வேண்டுமா?

கேள்வி: ஜூலையில் கணவர், 13 வயது மகள், 9 வயது மகனுடன் இலங்கையின் அறுகம் குடாவுக்கு ஐந்து நாள் பயணமாகச் செல்கிறோம். பிள்ளைகள் இருவரும் அங்கே அலைச்சறுக்குப் பழகப் போகிறார்கள். அதைப் படமெடுக்க நாற்பதாயிரம் ரூபாய் அளவில், உடலிலோ பலகையிலோ பொருத்தக்கூடிய சிறிய ஆக்‌ஷன் கேமரா ஒன்று வாங்கலாம் என்கிறார் கணவர். என் கைப்பேசியோ ஐபி68 தரம் கொண்டது; கடலிலேயே இறக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். எது சரி?
- வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் கைப்பேசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐபி68 என்பதில் 6 தூசு புகாமையையும் 8 நீரில் மூழ்கினாலும் தாங்குவதையும் குறிக்கின்றன. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். சோதனையும் அசையாத நன்னீரில்தான் நடக்கிறது. அலையின் அறைச்சலும் உப்பும் மணலும் அந்தச் சோதனையில் இல்லை. நீர் புகுந்து பழுதானால் வாரண்டி கிடையாது என்று பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் விதிகளில் எழுதியே வைத்திருக்கின்றன. கடைக்காரரின் வாய்வார்த்தை அங்கே செல்லுபடியாகாது.

ஆக்‌ஷன் கேமராவில் நீர் ஒரு பெரிய சிக்கல் அல்ல. கோப்ரோ ஹீரோ 12 பிளாக், தனி உறை இல்லாமலேயே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஆனால் அதன் லென்ஸ் மிக அகன்ற கோணம் கொண்டது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் படத்தில் அழகாகப் பதிவாவார். இருபது மீட்டர் தள்ளி மகள் முதன்முறையாகப் பலகையில் எழுந்து நிற்கும் அந்த நொடி, படத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பழகுபவர்கள் பலகையின் முனையில் அதைப் பொருத்தினால், குப்புற விழும்போது முகத்தில் இடிக்கும் அபாயமும் உண்டு. ஐந்து நாளுக்காக நாற்பதாயிரம் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்களுக்கு வேண்டியது கரையிலிருந்து எட்டும் லென்ஸ். லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஏற்கெனவே இருந்தால், 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சென்னையிலேயே நாள் வாடகைக்கு எடுக்கலாம். வாங்கும்போதே கீறல்களைக் கடைக்காரர் முன்னிலையில் படமெடுத்து, முன்பணத்துக்கு ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். அப்போதுதான் தெறிக்கும் துளிகூட உறைந்து நிற்கும். அறுகம் குடா கிழக்குக் கரையில் இருப்பதால், காலையில் கடலை நோக்கினால் வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும், பிள்ளைகள் நிழலுருவமாகத் தெரிவார்கள். பிற்பகலில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். முகங்கள் தெளிவாகக் கிடைக்கும். புதியவர்கள் பழகும் பேபி பாயின்ட் கரைக்கு அருகிலேயே இருப்பதால் 300 மி.மீ. போதும்.

கேமராவே இல்லையென்றால், அங்கே கரையில் நின்று படமெடுத்து விற்பவர்களை ஒரு வேளைக்கு அமர்த்துங்கள். எத்தனை படங்கள், முழு அளவுக் கோப்புகளா, எப்போது கையில் தருவார், பிள்ளைகளின் படங்களைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவாரா என்ற நான்கையும் பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெறுங்கள். மிச்சமாகும் பணத்தில் இருவருக்கும் நல்ல முழுக்கை ரேஷ் கார்டு (தோல் உராயாமல் காக்கும் இறுக்கமான மேலாடை) வாங்கலாம். ஈரப் பலகையில் ஒரு மணி நேரம் குப்புறப் படுத்து எழுந்தால் வயிற்றுத் தோல் என்னவாகும் என்பது பட்டவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: இதுபோன்ற பயணத்துக்காக இணையத்தில் கைப்பேசிக்கான நீர்புகாப் பை வாங்கினேன். உள்ளே டிஷ்யூ தாள் வைத்து வாளி நீரில் அமிழ்த்திப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் தாள் நனைந்துவிட்டது. இந்தப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார் விற்றவர்.
- வாசகர், திருச்சி

பதில்: தாளை வைத்துச் சோதித்தது நல்ல காரியம். மனம் மாறித் திருப்புவது வேறு, குறையுள்ள பொருளைத் திருப்புவது வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. நனைந்த தாளின் படம், ரசீது, விற்றவரின் மறுப்பு ஆகிய மூன்றையும் இணைத்து முதலில் விற்பனைத் தளத்துக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவுசெய்யுங்கள். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.