பஞ்சு சிவந்தால் ரத்தம்தானா?

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவி நான். மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தந்த வழக்கில், சமையலறைக் கத்தி ஒன்றைப் பற்றி 'ரத்தச் சோதனை: பாசிட்டிவ்' என்று ஒரே வரியில் ஆய்வறிக்கை இருக்கிறது. இதை வைத்து அது மனித ரத்தம் என்று வாதிடலாமா?

பதில்: கூடாது. 'ரத்தமாக இருக்கலாம், மேற்கொண்டு சோதியுங்கள்' என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் இல்லை.

அது பெரும்பாலும் காஸ்ல்-மேயர் என்ற முதற்கட்டச் சோதனையாக இருக்கும். பஞ்சுக் குச்சியால் கறையின் ஓரத்தை ஒற்றி எடுத்து, அதன்மேல் ஒரு சொட்டு எத்தனால், பிறகு நிறமற்ற ஃபீனால்ஃப்தலீன் கரைசல், கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். ரத்தம் இருந்தால் ஹீமோகுளோபினின் 'ஹீம்' பகுதி வினையூக்கியாக வேலை செய்து, சில நொடிகளில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். பெராக்சைடு விழும் முன்பே நிறம் வந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும். வேறேதோ ஆக்சிஜனேற்றி அங்கே இருக்கிறது. ரத்தமே படாத பஞ்சுகூட, அப்படியே விட்டுவைத்தால் காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் சிவக்கும். எத்தனை நொடியில் நிறம் மாறியது, கத்தியின் கறையில்லாத இடத்தையும் ஒற்றிப் பார்த்தார்களா என்பது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வழக்கில் கத்தி சமையலறையினுடையது. உருளைக்கிழங்கு, முள்ளங்கி போன்றவற்றில் உள்ள பெராக்சிடேஸ் நொதியும் இதே நிறத்தைத் தரக்கூடும். ஆட்டு ரத்தமோ கோழி ரத்தமோ பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தச் சோதனைக்கு எல்லாம் ஒன்றுதான்.

கழுவித் துடைத்த இடங்களில் லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளிப்பார்கள். 1937-இல் ஜெர்மனியின் வால்டர் ஸ்பெக்ட் ரத்தக் கறைகளில் சோதித்துக் காட்டிய முறை இது. இருட்டில் அரை நிமிடம் போல நீல ஒளி வரும். குளோரின் பிளீச்சும் செம்பும்கூட ஒளிரவைக்கும். ஆக்சிஜன் வகைப் பிளீச்சில் துவைத்த துணியிலோ, ரத்தம் இருந்தும் ஒளிராமல் போகலாம். நெகட்டிவ் என்றாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது உறுதிச் சோதனை. 1912-இல் வந்த தகயாமா முறையில் நுண்ணோக்கியின் கீழ் இளஞ்சிவப்புப் படிகங்கள் தெரிந்தால், ரத்தம் என்பது உறுதி. யாருடையது என்பது அப்போதும் தெரியாது. மனித ரத்தமா என்று அறிய மனித ஹீமோகுளோபினுக்கான எதிர்ப்பொருள் பூசிய பட்டைகள் உண்டு. கரைசலில் ரத்தம் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தால் இந்தப் பட்டை நெகட்டிவ் காட்டிவிடும் என்பது பலருக்கும் தெரியாத வேடிக்கை. நீர்த்துப் பார்த்தால் சரியாகிவிடும்.

ஆளை அடையாளம் காட்டுவது டி.என்.ஏ. அதுவும் வெள்ளையணுக்களிலிருந்து வருவது; சிவப்பணுக்களில் உட்கருவே இல்லை. கறையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் பாக்டீரியா பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். உலர்த்திக் காகித உறையில் வைத்தார்களா என்பது குறுக்கு விசாரணையில் நல்ல கேள்வி.

கறை எப்போது பட்டது என்பதை மட்டும் நிறத்தை வைத்து வாதிடாதீர்கள். ரத்தம் பழசாகப் பழசாகப் பழுப்பாகும் என்பது உண்மைதான்; ஆனால் வெப்பமும் வெளிச்சமும் ஈரப்பதமும் அந்த வேகத்தை மாற்றிவிடும். நேரத்தை நிறுவ வேறு சாட்சியம் தேடுங்கள்.