அக்குபங்சர் என்றால் என்ன? ஊசி குத்தினால் வலி எப்படிக் குறையும்?

உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி, 20, 30 நிமிடம் அப்படியே விட்டுவைக்கும் சீன மருத்துவ முறைதான் அக்குபங்சர். 'சி' என்ற உயிராற்றல் உடம்பெங்கும் பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் வலி வரும் என்பது அவர்கள் கணக்கு. புளோக் ஓரத்து வடிகாலில் இலைதழை அடைத்தால் மழைத்தண்ணீர் தேங்குமே, அந்த மாதிரி. அடைப்பை எடுத்துவிடுவதுதான் ஊசியின் வேலை.

அந்தப் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்து யாரும் கண்டதில்லை. ஊசி நரம்பைத் தூண்ட, வலி குறைக்கும் எண்டார்பினை உடம்பே சுரக்கிறது என்பது நவீன விளக்கம். நாள்பட்ட முதுகுவலி, ஒற்றைத் தலைவலிக்கு ஓரளவு பலன் உண்டு. சர்க்கரையையே குணமாக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் நாக்கை நீட்டச் சொல்வார்கள், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்ப்பார்கள். அப்புறம்தான் ஊசி. கால் மில்லிமீட்டர் தடிமன்தான்; ரத்தம் எடுக்கும் ஊசி போல உள்ளே துளை கிடையாது. சுருக்கென்று குத்தி, பிறகு மதமதவென்று இருக்கும். சிங்கப்பூரில் இதைச் செய்ய, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர் வாரியத்தில் பதிவு வேண்டும். போகுமுன் இணையப் பதிவேட்டில் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

கூடவே தரும் மருந்து 'மூலிகைதானே, ஒன்றும் செய்யாது' என்று பலர் நினைப்பது தவறு: டாங் குய் என்ற மூலிகை வேர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.