பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடும் முன்

காட்பாடி காந்தி நகர் ஆடிட்டர் ஆபீஸ், மூன்று பழைய ஹார்ட் டிஸ்க், ஒன்று ஓடவில்லை, மற்ற இரண்டையும் ஃபார்மட் பண்ணியாச்சு, எடைக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னும் போடாதீர்கள். குவிக் ஃபார்மட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கும், உங்களை நம்பி பான் கார்டும் ஆதாரும் கொடுத்தவர்களின் நகல்கள் டிஸ்க்குக்குள் தகவல் பதியும் தட்டில் அப்படியே இருக்கும், இலவச மென்பொருளே மீட்டுவிடும். ஓடுகிற இரண்டுக்கும் விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'கிளீன் ஆல்' கொடுங்கள். முழுக்கப் பூஜ்யம் எழுதும், 1 டெராபைட்டுக்குச் சில மணி நேரம் ஆகும், ஆனால் கட்டளை கொடுக்கும் முன் டிஸ்க் எண் சரிதானா என்று இரண்டு முறை பாருங்கள், மாற்றிக் கொடுத்தால் இப்போது பயன்படுத்தும் டிஸ்க்கில் உள்ள கணக்குகளே அழிந்துவிடும். 35 முறை எழுத வேண்டும் என்பது பழைய கதை, இன்றைய டிஸ்க்குக்கு ஒரு முறை போதும். ஓடாத மூன்றாவதில் எழுத முடியாது, ஸ்பீக்கர் காந்தமும் உதவாது. திறந்து தட்டுகளையே உடைத்துவிடுங்கள். லேப்டாப் டிஸ்க் என்றால் கண்ணாடித் தட்டாக இருக்கலாம், சில்லு தெறிக்கும், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் அவசியம்.