ஏழு நாளில் பஞ்சகர்மாவா?

கேள்வி: இவருக்கு அறுபது முடிந்து சாந்தி செய்தோம். சிங்கப்பூரில் இருக்கும் மகன், மலைமேல் ஒரு சொகுசு ஆயுர்வேத ரிசார்ட்டில் எங்கள் இருவருக்கும் 7 நாள் பஞ்சகர்மா பேக்கேஜ் போடுகிறேன் என்கிறான். இவருக்குச் சர்க்கரை, எனக்கு முழங்கால் வலி. போகலாமா? — ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஓய்வுக்கு என்றால் தாராளமாகப் போய் வாருங்கள் ஆச்சி. பஞ்சகர்மா என்ற பேரை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆயுர்வேதத்தில் உடம்பைச் சுத்தம் செய்யும் சிகிச்சை. முறைப்படி செய்தால், விடிகாலையில் வெறும் வயிற்றில் மருந்து நெய் குடிக்க வேண்டும். நாளுக்கு நாள் அளவு கூடும், அதற்கே 3 முதல் 7 நாள். பிறகு எண்ணெய் தேய்ப்பும் வேதும் இரண்டு மூன்று நாள். பேதிக்கு ஒரு நாள். அன்று அறையை விட்டு நகர முடியாது. அதன்பின் கஞ்சியில் தொடங்கி, குழைந்த சோறு, பருப்பு என்று ஏறி வழக்கமான சாப்பாட்டுக்கு வர இன்னும் சில நாள். எப்படிச் சுருக்கினாலும் 7 நாளில் அடங்காது. அந்த பேக்கேஜில் கிடைக்கப்போவது தினம் ஓர் எண்ணெய்த் தேய்ப்பு, நெற்றியில் எண்ணெய்த் தாரை, கொஞ்சம் யோகா, உப்பு உறைப்பில்லாத சாப்பாடு. (காரைக்குடிச் சமையலில் வளர்ந்த நாக்கு மூன்றாம் நாளே முரண்டு பிடிக்கும்.)

நான் கவலைப்படுவது உங்கள் வீட்டு அய்யாவைப் பற்றித்தான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், அங்கே போய்க் கஞ்சியும் பழச்சாறுமாக இருந்துகொண்டு பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். இறங்கும்போது வியர்க்கும், படபடக்கும். வேதுப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படியும் வியர்க்கும் என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. கிளம்பும் முன் அங்கே தரும் சாப்பாட்டுப் பட்டியலை வாங்கி, இங்கே பார்க்கும் டாக்டரிடம் காட்டி, மாத்திரை அளவை எழுதி வாங்குங்கள். குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொடியும் பெட்டியில் இருக்கட்டும். பாதம் மரத்துப்போகும் தொந்தரவு இருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். கிழி ஒத்தடத்தின் சூடு காலுக்கு உறைக்காது. தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும். சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் ஆற மாதக்கணக்காகலாம்.

உங்கள் முழங்காலுக்கு எண்ணெயைவிடப் படிக்கட்டுதான் முக்கியம். மலை ரிசார்ட்டுகளில் காட்டேஜ்கள் சரிவில் இருக்கும். சாப்பாட்டுக் கூடம் மேலே, சிகிச்சை அறை கீழே. நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் தேய்த்த எண்ணெய் வீண். சிகிச்சை அறைக்குப் பக்கத்தில், படியில்லாத அறை கேளுங்கள். மலையில் குளிரும்; கொடைக்கானல் என்றால் 2,100 மீட்டர் உயரம். நம் முற்றத்து வெயிலில் எண்ணெய் வைப்பது போல் அங்கே நடக்காது. கிண்ணம் வெந்நீர்ப் பாத்திரத்தில் இருக்கிறதா, அறையில் ஹீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆறின எண்ணெயைத் தேய்த்தால் மூட்டு இன்னும் பிடித்துக்கொள்ளும். தாரை எண்ணெயை ஒருவருக்கே இரண்டு மூன்று நாள் பயன்படுத்துவது வழக்கம்தான். ஒருவருக்கு விட்டதை இன்னொருவருக்கு விடக்கூடாது.

பில்லிலும் ஒரு கண் இருக்கட்டும். சொல்லும் தொகை ஆளுக்கா, அறைக்கா? ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அது சேர்ந்ததா, தனியா? ஊட்டி, கொடைக்கானல் என்றால் காருக்கு இ-பாஸ் எடுக்காமல் மலையேற வேண்டாம்.

இதையெல்லாம் மகனை விட்டுக் கேட்கச் சொல்லாமல் நீங்களே போன் செய்யுங்கள். அங்கேயே தங்கியிருக்கும், பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேதப் பட்டம் பெற்ற டாக்டரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். டாக்டர் லைனுக்கு வராமல் புக்கிங் ஆளே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம்.